பாய்மரப் படகில் குடிநீர்: தொட்டி முதல் குழாய் வரை

எங்கள் படகின் நன்னீர்க் குழாய்கள் எல்லாவற்றையும் கழற்றி எறிந்துவிட்டுப் புதிதாக அமைக்கத் தொடங்கியபோது, நானும் கணவரும் இரண்டு விதிகளை ஓர் அட்டையில் எழுதிச் சமையல் மூலையில் ஒட்டிவைத்தோம். ஒன்று, எந்த ஒரு பழுதாலும் படகிலுள்ள தண்ணீர் முழுவதும் போய்விடக் கூடாது. இரண்டு, எந்த இணைப்பும் கை எட்டாத இடத்தில் இருக்கக் கூடாது. எத்தனை தொட்டி, எந்தப் பம்ப், வால்வு எங்கே என்று தினமும் எழுந்த கேள்விகளுக்கு இந்த இரண்டு வரியிலிருந்துதான் பதில் கிடைத்தது. கடைக்காரர் சொன்னதோ, பக்கத்துப் படகில் இருந்ததோ இந்த விதிகளுக்கு ஒத்துவரவில்லை என்றால் தயங்காமல் விட்டுவிட்டோம்.

படகு 36 அடி நீளம், ஃபைபர்கிளாஸ். 1980-களின் தொடக்கத்தில் தைவானில் கட்டியது. வேலை நடந்த இடம் மலேசியாவின் லங்காவியை ஒட்டிய ரெபாக் தீவின் மெரினா, அதாவது படகுத்துறை. கரையில் தாங்கிகள்மேல் படகை நிறுத்தியிருந்தோம். லங்காவி 1987-லிருந்து சுங்க வரியில்லாத் தீவு. இந்துமாக்கடலைக் கடக்கப் போகும் படகுகளில் பல அங்கே நின்று பழுது பார்த்துக்கொண்டுதான் மேற்கே திரும்பும். வடகிழக்குப் பருவக்காற்று நிலையாக வீசும் ஜனவரி, பிப்ரவரியில் கிளம்பி, சுமத்ராவின் வடமுனைக்கு மேலாகச் சென்று இலங்கையின் காலியை அடைவது வழக்கமான பாதை. ஏறத்தாழ 1,200 கடல் மைல். எங்கள் திட்டமும் அதுதான். தொட்டியின் அளவைத் தீர்மானித்தது இந்தப் பாதை.

படகில் ஏற்கெனவே இருந்தது ஒரே ஒரு ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் தொட்டி, 300 லிட்டர், நடு அறையின் தரைப்பலகைக்குக் கீழே. அதில் ஒழுக்கு இருப்பதைப் பில்ஜ் காட்டிக்கொடுத்தது. படகின் அடிவயிற்றில் நீர் சேரும் பள்ளத்தைத்தான் பில்ஜ் என்கிறோம். அங்கே தண்ணீர் நின்றால் முதல் வேலை, டீசல் படலம் இல்லையென்று பார்த்துக்கொண்டு, விரல் நுனியில் ஒரு துளி எடுத்து நாக்கில் வைத்துத் துப்புவது. உப்புக் கரித்தால் கடல் உள்ளே வருகிறது. கரிக்கவில்லையென்றால் உங்கள் குடிநீர் வெளியே போகிறது, அல்லது மேலிருந்து மழை இறங்குகிறது. எங்கள் பில்ஜில் இருந்தது நல்ல தண்ணீர். தொட்டியின் பற்றவைப்பு ஓரங்களில் குண்டூசி முனை அளவுக்குப் பொத்தல்கள்.

ஸ்டெயின்லெஸ் துருப்பிடிக்காது என்று நம்பி வாங்குகிறோம். ஆனால் அதன் பாதுகாப்பு மேலே இருக்கும் மெல்லிய ஆக்சைடு படலம் மட்டுமே. அந்தப் படலம் நிலைக்க ஆக்சிஜன் வேண்டும். ஈரமான ஒட்டுப்பலகைமேல் ஆண்டுக்கணக்கில் தொட்டி அழுந்திக் கிடந்தால், இடுக்குக்குள் காற்றுப் போகாது, படலம் உடையும், குளோரைடு புள்ளி புள்ளியாக உள்ளே தோண்டும். பற்றவைக்கும்போது சூடேறிய ஓரம் இன்னும் பலவீனமானது. அலுமினியத் தொட்டிக்கும் ஈரப்பலகை இதே கெடுதலைச் செய்யும். குளோரின் கலந்த நீர் உள்ளிருந்தும் அரிக்கும். பழைய தொட்டிக்கு ஒட்டுப் போடலாம் என்று சிலர் சொன்னார்கள். ஒரு பொத்தல் தெரிந்தால் அதே பற்றவைப்பில் அடுத்தது எங்கே வரும் என்று யாராலும் சொல்ல முடியாது. அதைவிட முக்கியம், தண்ணீர் முழுவதும் ஒரே தொட்டியில் இருப்பது எங்கள் முதல் விதிக்கே முரண். அகற்ற முடிவு செய்தோம்.

அகற்றுவது சுலபமில்லை. இந்த வகைப் படகுகளில் தொட்டியை முதலில் வைத்துவிட்டு, அதற்கு மேல் தரை, மேசை, அலமாரி எல்லாம் கட்டி, கடைசியில் மேல்தளத்தைக் கவிழ்த்து மூடுவார்கள். வாசலைவிடத் தொட்டி பெரிது. உள்ளேயே வைத்துத் துண்டு போட வேண்டியிருந்தது. உலோகம் அறுக்கும் கிரைண்டர் வேண்டாம் என்பது என் தீர்மானமான கருத்து. மூடிய அறைக்குள் அதன் பொறி பறந்து ஃபைபர்கிளாஸிலும் மரத்திலும் பதிந்துகொள்ளும், பிறகு அங்கங்கே துருப்பொட்டு வைக்கும். தீ ஆபத்து வேறு. உலோக பிளேடு போட்ட ஜிக்ஸா ரம்பத்தால் மெதுவாக அறுத்தோம். நேரம் அதிகம், சத்தம் காதைக் கிழிக்கும், ஆனால் அறை சுத்தமாக இருந்தது.

புதுத் தொட்டி வாங்கும் முன் அட்டைப்பெட்டிகளை வெட்டி ஒட்டி அதே அளவில் ஒரு மாதிரி செய்து, அதைக் கையில் தூக்கிக்கொண்டு வாசல் வழியே இறங்கிப் பாருங்கள். டேப் வைத்து அளந்தால் போதும் என்று தோன்றும். படிக்கட்டுத் திருப்பத்தில் அட்டைப்பெட்டி முட்டும்போதுதான் டேப் சொல்லாத செய்தி தெரியும். அதோடு, வைக்கும் இடத்தில் மாதிரியை வைத்து, மேலே ஹோஸ் வளைவதற்கும் கை நுழைவதற்கும் இடமிருக்கிறதா என்று பார்க்கலாம். ஹோஸுக்கு 10 சென்டிமீட்டராவது மேலே விட்டுவைப்பது நல்லது.

அளவுக் கணக்கு இப்படி. ஒரு நாளைக்குச் சராசரி 100 கடல் மைல் என்று அடக்கமாக வைத்தால் காலிக்கு 12 நாள். காற்று விழுந்து நிற்கும் நாட்களுக்கு 2 சேர்த்து 14. குடிக்கவும் சமைக்கவும் மட்டும் ஆளுக்கு 4 லிட்டர். இரண்டு பேருக்கு 14 நாளுக்கு 112 லிட்டர். எனவே ஒவ்வொன்றும் 120 லிட்டர் கொள்ளும் இரண்டு தொட்டிகள். ஒன்றில் கடல்நீர் புகுந்தாலும், வெடித்தாலும், பாசி பிடித்தாலும், மற்றது ஒன்றே எங்களைக் கரை சேர்க்கும். குளியலும் பாத்திரம் கழுவுவதும் அதற்கு மேலே உள்ள உபரியில். மொத்தக் கொள்ளளவு எத்தனை என்று எல்லோரும் கேட்பார்கள். பெரிய தொட்டியை இழந்தபின் மிச்சம் எத்தனை என்று கேட்டுப் பாருங்கள். உங்கள் படகுக்கான அளவு அங்கே கிடைக்கும்.

ஒரு லிட்டர் ஒரு கிலோ. 240 லிட்டர் என்றால் மூன்று ஆட்களுக்கு மேல் எடை. அதை எங்கே வைக்கிறோம் என்பது படகின் நடையையே மாற்றும். முன்முனையில் படுக்கைக்குக் கீழே நிறைய இடம் சும்மா கிடக்கும், வைக்கச் சொல்லி ஆசை காட்டும். அங்கே எடை ஏறினால் மூக்கு ஒவ்வோர் அலையிலும் குத்தி இறங்கும், எழ மறுக்கும். முடிந்தவரை நடுவிலும் தாழ்விலும் வைக்க வேண்டும். எங்கள் தொட்டிகள் நடு அறையின் இடப்பக்க, வலப்பக்க நீள இருக்கைகளுக்குக் கீழே போயின.

பொருள் பாலிஎத்திலீன், அச்சில் சுழற்றி வார்த்தது, மூட்டு இல்லாதது. துருவில்லை, குளோரினால் கேடில்லை. குறை இரண்டு. நிரம்பும்போது பக்கங்கள் சற்று உப்பும், எனவே சுற்றிலும் விரல் நுழையும் இடைவெளி விட வேண்டும். இரண்டாவது, இந்தப் பிளாஸ்டிக்கில் எந்தப் பசையும் ஒட்டாது. சிலிக்கானோ எபாக்ஸியோ தடவி ஓட்டையை அடைக்கலாம் என்ற எண்ணமே கூடாது. உள்ளும் புறமும் ரப்பர் கேஸ்கெட் வைத்து நெருக்கும் இணைப்புகளைத்தான் போட முடியும். அவற்றை முடுக்க உள்ளே கை போக வேண்டும். அதனால் கை நுழையும் அகலத்தில் ஆய்வு மூடி அவசியம். ஒவ்வொரு தொட்டிக்குள்ளும் நடுவே ஒரு தடுப்பு இருக்கிறது. தண்ணீர் ஒரு பக்கமிருந்து மறுபக்கத்துக்கு மொத்தமாகப் பாயாமல் தடுப்பது அதன் வேலை. தடுப்பின் இருபுறமும் தனித்தனி மூடி போட்டோம். ஒரு மூடி மட்டும் இருந்தால் மறுபாதியைத் தேய்த்துக் கழுவவே முடியாது.

மென்மையான பை வடிவத் தொட்டிகளையும் பார்த்தோம். கோணல்மாணலான இடத்தில் மடங்கி உட்காரும், மலிவு, சீக்கிரம் வைத்துவிடலாம். ஆனால் படகு ஆடும்போது மடிப்புகள் மரத்தில் உரசிக்கொண்டே இருக்கும். கரையோரப் பயணத்துக்குச் சரி. கடல் கடக்க நான் வைக்க மாட்டேன்.

தொட்டியைக் கட்டும் விதத்தில் பெரும்பாலோர் கீழ்நோக்கிய எடையை மட்டும் யோசிக்கிறார்கள். படகு பக்கவாட்டில் சாய்ந்து விழுந்தால் 120 கிலோ கூரையை நோக்கிக் கிளம்பும். அடியில் முழுப்பரப்பும் தாங்கும்படி எபாக்ஸி பூசிய பலகை, நான்கு பக்கமும் மரக்கட்டைத் தடுப்பு, மேலே இரண்டு அகலமான நாடாப் பட்டைகள். பட்டைகளின் நுனி பிடிக்கும் கட்டைகளை ஃபைபர்கிளாஸ் போட்டு படகின் உடலோடு சேர்த்தோம். இருக்கைப் பலகையில் திருகினால் பலகையோடு பிய்த்துக்கொண்டு போகும்.

இனி தொட்டியின் வாய்கள். நீர் எடுக்கும் குழாயை அடியில் வைக்கலாம், மேலிருந்தும் இறக்கலாம். அடியில் வைத்தால் கடைசிச் சொட்டுவரை கிடைக்கும், பம்புக்கும் சுலபம். ஆனால் அந்த ஒற்றை இணைப்பு விட்டால் தொட்டி முழுவதும் பில்ஜுக்குப் போகும். எங்கள் விதிப்படி மேலிருந்து இறக்கினோம்: குழாயின் நுனி சரிவாக வெட்டப்பட்டு அடியிலிருந்து 2 சென்டிமீட்டர் உயரத்தில் நிற்கிறது. அடியில் தங்கும் வண்டலையும் அது இழுக்காது. இதற்குக் கொடுக்கும் விலை, உறிஞ்சும் பக்கத்தில் எந்த இணைப்பும் துளிகூடக் காற்று விடக் கூடாது. நீர் கசிந்தால் கண்ணுக்குத் தெரியும். காற்று உள்ளே போனால் ஈரம் எதுவும் தெரியாது. பம்ப் மட்டும் ஓடிக்கொண்டே இருக்கும், தண்ணீர் வராது. பம்பைக் கழற்றும் முன் உறிஞ்சும் பக்கத்துக் கிளாம்புகளை எல்லாம் ஒரு சுற்று முடுக்கிப் பாருங்கள்.

நிரப்பும் ஹோஸ் 38 மில்லிமீட்டர், தளத்திலுள்ள மூடியிலிருந்து தொய்வின்றி நேரே கீழே இறங்குகிறது. நடுவில் தொங்கினால் அந்த வளைவில் பழைய நீர் தேங்கி நாறும். தண்ணீர் மூடியும் டீசல் மூடியும் அருகருகே இருந்த படகு இது. தண்ணீர் மூடிகளைத் தள்ளி வைத்தோம், நிறமும் மாற்றினோம். டீசல் ஒருமுறை தண்ணீர்த் தொட்டிக்குள் விழுந்தால் பாலிஎத்திலீனிலிருந்து அந்த வாடை போகாது.

காற்றுக்குழாய்க்கு வருகிறேன். குடிநீர்த் தொட்டியில் அதிகம் அலட்சியப்படுத்தப்படுவதும், அதிகம் கெடுதல் செய்வதும் அதுதான். நீர் உள்ளே போகக் காற்று வெளியே வர வேண்டும், நீர் வெளியே போகக் காற்று உள்ளே வர வேண்டும். காற்றுவழி அடைபட்டால் பம்ப் இழுக்க இழுக்கத் தொட்டி உள்ளே நசுங்கும். நிரப்பும்போது நடப்பது இன்னும் மோசம். துறையில் ஹோஸை மூடிக்குள் செருகி வேகமாகத் திறந்துவிடுகிறோம். காற்றுக்குழாய் ஒல்லியாக இருந்தால் நீர் நிரப்பும் ஹோஸில் ஏறி மேல்தளம்வரை நிற்கும். ஒரு மீட்டர் உயர நீர்த்தூண் ஒவ்வொரு சதுர மீட்டரிலும் ஏறத்தாழ ஒரு டன் அழுத்தம் தரும். 40-க்கு 60 சென்டிமீட்டர் பக்கச்சுவர் ஒன்றில் அது 240 கிலோ. பற்றவைத்த தொட்டிகள் பிளப்பதும் ஆய்வு மூடிகள் கசிவதும் பெரும்பாலும் இந்த நேரத்தில்தான். துறையின் குழாய் அழுத்தம் நேரே ஏறாதபடி ஹோஸின் நுனியை மூடிக்குள் இறுக்கமாகச் செருகாமல் தளர்வாகப் பிடிப்பதும் ஒரு நல்ல பழக்கம்.

காற்றுக்குழாய் எங்கே முடிகிறது என்பது அடுத்த கேள்வி. பல படகுகளில் அது உடலின் வெளிப்பக்கத்தில், மேல்தளத்துக்குச் சற்றுக் கீழே ஒரு சின்னத் துளையில் முடியும். துறையில் நிற்கும்போது பார்க்க அழகு. படகு சாய்ந்து ஓடும்போது அந்தத் துளை அலைக்குள் போய்ப் போய் வரும், ஒவ்வொரு முறையும் கொஞ்சம் கடல் தொட்டிக்குள் இறங்கும். நான்காம் நாள் தேநீரில் உப்புத் தெரியும். எங்கள் படகில் இருந்த அப்படிப்பட்ட துளையை ஃபைபர்கிளாஸ் போட்டு அடைத்துவிட்டோம். புதிய 19 மில்லிமீட்டர் காற்றுக்குழாய்கள் இரண்டும் படகின் நடுக்கோட்டுக்கு அருகே, உள்ளே, மேற்கூரையை ஒட்டி ஏறி, வளைந்து, பாத்திரம் கழுவும் சிங்க்குக்கு மேலே திறக்கின்றன. படகு எந்தப் பக்கம் சாய்ந்தாலும் அந்த வாய் தொட்டியின் நீர்மட்டத்துக்கு மேலேதான் இருக்கும். இன்னொரு வசதி, தொட்டி நிரம்பியதும் காற்றுக்குழாய் அந்த சிங்க்கில் சொட்ட ஆரம்பிக்கும். மேலே நிரப்புகிறவருக்குக் கீழே இருப்பவர் குரல் கொடுக்கலாம். வாயில் மெல்லிய வலை கட்டினோம். வெப்ப மண்டலத்தில் கரப்பான்பூச்சி நுழையாத துளை இல்லை.

இரண்டு தொட்டிகளின் எடுப்பு ஹோஸும் ஒரு பலமுனைக் குழாய்க்கு வருகின்றன. ஒவ்வொன்றுக்கும் தனி வால்வு. ஒரு நேரத்தில் ஒரு வால்வு மட்டுமே திறந்திருக்க வேண்டும், இதில் விதிவிலக்கு வைத்துக்கொள்ளாதீர்கள். இரண்டும் திறந்திருந்தால், படகு 20 பாகை சாய்ந்து நாள் முழுதும் ஓடும்போது, மேலேறிய பக்கத்துத் தொட்டியின் நீர் எடுப்பு ஹோஸ் வழியாகவே தாழ்ந்த பக்கத்துக்கு இறங்கும். தாழ்ந்த தொட்டி நிரம்பும்; காற்றுக்குழாய் தாழ்வாக முடிந்திருந்தால் அதன் வழியே வழியும். யாரும் குழாயைத் திறக்காமலேயே குடிநீர் காணாமல் போகும், எடையும் தவறான பக்கத்தில் சேரும். ஒன்று மட்டும் திறந்திருப்பதில் இன்னொரு நன்மை உண்டு. முதல் தொட்டி தீர்ந்து பம்ப் காற்றை இழுக்கும் சத்தம் கேட்கும்போது, பாதித் தண்ணீர் போய்விட்டது என்று எந்த அளவுமானியும் இல்லாமல் தெரியும். நீண்ட பயணத்தில் தாழ்ந்த பக்கத்துத் தொட்டியிலிருந்து முதலில் எடுப்போம். மேலேறிய பக்கத்தில் 120 கிலோ அப்படியே இருந்து படகை நிமிர்த்திப் பிடிக்கும்.

பலமுனைக் குழாயில் மூன்றாவதாக ஒரு வால்வு வைத்தோம். அதில் ஒன்றரை மீட்டர் ஹோஸ் சும்மா சுருட்டிக் கிடக்கிறது. அதன் நுனியை ஒரு கேனுக்குள் விட்டால் பம்ப் நேரே கேனிலிருந்து இழுக்கும். இரண்டு தொட்டியும் கெட்டுப்போனாலும் சமையல் மூலையில் தண்ணீர் வரும். குழாய்களுக்கு மட்டும் குளோரின் செலுத்திக் கழுவவும் இதே வழி. மிகக் குறைந்த செலவில் செய்த இந்த ஒரு வேலையை யாருக்கும் முதலில் பரிந்துரைப்பேன்.

பம்ப் 12 வோல்ட் டயஃப்ரம் (ரப்பர் சவ்வு) வகை, நிமிடத்துக்குச் சுமார் 11 லிட்டர். குழாயைத் திறந்தால் அழுத்தம் குறைந்து தானே ஓடும், மூடினால் நிற்கும். அதற்கு முன்னால் வடிகட்டி வலை கட்டாயம். தொட்டி புதிதாக இருந்தாலும் துளை போட்ட பிளாஸ்டிக் சீவல் எப்படியோ உள்ளே இருக்கும், ஒரு சீவல் பம்பின் வால்வில் மாட்டினால் போதும். பம்பின் இருபுறமும் வளையும் ஹோஸ். விறைப்பான குழாயை நேரே இணைத்தால் அதிர்வில் இணைப்பு தளரும், இரவில் படகே உறுமும். பம்புக்குப் பின் ஒரு சின்ன அழுத்தச் சேமிப்புக் கலம் வைத்தால் பம்ப் விட்டு விட்டுத் துடிக்காது. கலத்துக்குள் காற்றழுத்தத்தைப் பம்ப் ஓடத் தொடங்கும் அழுத்தத்துக்குச் சற்றுக் குறைவாக, குழாயில் அழுத்தம் இல்லாதபோது, சைக்கிள் பம்பால் வைக்க வேண்டும். மின்கம்பியை மெல்லியதாகப் போட்டால் வோல்டேஜ் இறங்கி மோட்டார் சூடாகும். வெள்ளீயம் பூசிய 4 சதுர மில்லிமீட்டர் கம்பி, தனி ஃபியூஸ், கைக்கு எட்டும் தனி சுவிட்ச்.

அந்தச் சுவிட்ச் முக்கியம். மின்பம்புக்கு யோசனை கிடையாது. ஏதாவது ஓர் இணைப்பு விட்டால், குழாய் திறந்திருப்பதாக எண்ணித் தொட்டி காலியாகும்வரை பில்ஜுக்குள் ஊற்றிக்கொண்டே இருக்கும். படுக்கப் போகும்போதும் கரைக்கு இறங்கும்போதும் அணைத்துவிடுகிறோம். யாரும் குழாயைத் திறக்காதபோது பம்ப் ஒரு நொடி உறுமி நின்றால் எங்கோ கசிகிறது என்று பொருள். அந்தச் சத்தத்தை அன்றைக்கே தேடிப் போக வேண்டும்.

சமையல் மூலையில் மிதிபம்ப் ஒன்றும் இருக்கிறது. பலமுனைக் குழாயிலிருந்து தனிக் கிளை, தனிக் குழாய்வாய். பேட்டரி செத்தாலும் மின்பம்ப் செத்தாலும் தண்ணீர் வரும் என்பது ஒரு காரணம். மிதித்தால்தான் வரும் என்பதால் தண்ணீர் செலவு வெகுவாகக் குறைவது இன்னொன்று. கடலில் நாங்கள் பெரும்பாலும் மிதிபம்ப் மட்டுமே பயன்படுத்துகிறோம். பக்கத்தில் கடல்நீருக்கு ஒரு மிதிபம்ப் இருந்தால், பாத்திரத்தை முதலில் அதில் தேய்த்துவிட்டு நல்ல தண்ணீரில் அலசலாம்.

பம்புக்கு அப்பால் 15 மில்லிமீட்டர் அரைவிறைப்புக் குழாய், தள்ளிச் செருகும் இணைப்புகள். குழாயைச் செங்குத்தாக வெட்ட அதற்கான கத்தரிதான் சரி, ரம்பம் பிசிறு விடும். பிசிறோ கீறலோ உள்ளிருக்கும் ரப்பர் வளையத்தை அறுக்கும். எவ்வளவு ஆழம் போக வேண்டுமோ அந்த இடத்தில் குழாய்மேல் பேனாவால் கோடு போட்டுவிட்டுச் செருகினால், கோடு மறைந்ததா என்று பார்த்தே உறுதி செய்யலாம். பக்கவாட்டு இழுப்பு இந்த இணைப்புகளுக்கு ஆகாது. எனவே அரை மீட்டருக்கு ஒரு கிளிப். ஹோஸ் போட்ட இடங்களில் ஒளி புகாத குடிநீர் ஹோஸ் மட்டும். கண்ணாடிபோல் தெரியும் ஹோஸில் வெளிச்சம் பட்டுப் பாசி பிடிக்கும்.

குழாய்களைத் திருகிப் பூட்டும் மரையின் பிரச்சினையைத் தெரியாமல் யாரும் படகுக் குழாய் வேலையில் இறங்கக் கூடாது. லங்காவியின் குவா ஊரில் குழாய்ச் சாமான் கடை வைத்திருக்கும் பெரியவர் ஒருவர், நான் அரை அங்குல எல்போ (வளைவு இணைப்பு) கேட்டவுடன் கையிலிருந்த பம்பைத் திருப்பிப் பார்த்தார்.

“என்னம்மா, இது எந்த நாட்டுச் சாமான்?”

“அமெரிக்கா, அண்ணே.”

“அப்ப நம்ம ஊர் எல்போ இதுல நிக்காது. ரெண்டு மூணு சுத்து ஏறும், ஏறிட்ட மாதிரி இருக்கும். அப்புறம் ஒழுகும்.”

அவர் சொன்னதன் காரணம் இது. மலேசியாவில், இந்தியாவில், இலங்கையில் புழங்குவது பிரிட்டிஷ் மரை. அமெரிக்கப் பம்புகளிலும், அமெரிக்கச் சந்தைக்காகக் கட்டப்பட்ட பல தைவான் படகுகளிலும் இருப்பது அமெரிக்க மரை. அரை அங்குலத்திலும் முக்கால் அங்குலத்திலும் இரண்டுக்குமே ஓர் அங்குலத்துக்கு 14 சுற்று. அதனால் ஒன்றுக்குள் ஒன்று ஏறத் தொடங்கிவிடும். ஆனால் பிரிட்டிஷ் மரையின் கோணம் 55 பாகை, அமெரிக்க மரையின் கோணம் 60 பாகை. விட்டமும் சற்று வேறு. அரை அங்குல பிரிட்டிஷ் மரையின் வெளிவிட்டம் 20.96 மில்லிமீட்டர், அமெரிக்க மரைக்கு 21.3-க்கு மேல். டெஃப்லான் டேப்பை அள்ளிச் சுற்றி முடுக்கினால் கரையில் நிற்கும், கடலில் அதிர்வில் விடும். பிளாஸ்டிக்காக இருந்தால் முடுக்கும்போதே விரிசல் கண்டுவிடும். கடையில் அளவிடும் காலிப்பரைக் கேட்டு வாங்கி அளந்துவிடுங்கள். நாங்கள் பம்பின் வாயில் ஒரு மரைமாற்றியைப் போட்டுவிட்டு, அதற்கு அப்பால் படகு முழுவதையும் பிரிட்டிஷ் மரைக்கு மாற்றினோம். காலியிலோ கொச்சியிலோ ஒரு நிப்பிள் உடைந்தால் தெருக்கோடிக் கடையிலேயே மாற்று கிடைக்கும். பம்போடு வரும் செருகு இணைப்புகள் இருந்தால் இந்தத் தலைவலியே இல்லை.

சோதனை இரண்டு கட்டம். எல்லாக் குழாயையும் மூடிப் பம்பை ஓட்டி அழுத்தம் ஏற்றி, ஒவ்வோர் இணைப்பையும் உலர்ந்த டிஷ்யூ காகிதத்தால் ஒற்றிப் பார்த்தோம். விரலுக்குத் தெரியாத ஈரம் காகிதத்தில் தெரியும். இரவு முழுதும் பம்ப் ஒருமுறைகூட உறுமாமல் இருந்தபிறகே இருக்கைப் பலகைகளைத் திருகினோம். அடுத்தது, தொட்டிகளை முழுக்க நிரப்பி, தாயாங் புந்திங் தீவுப் பக்கம் ஓட்டிப் போய், இரு பக்கமும் நன்றாகச் சாய்த்து ஓட்டியது. ஆய்வு மூடியின் கசிவு நிரம்பிய தொட்டி சாயும்போதுதான் வெளிப்படும். துறையில் நிமிர்ந்து நிற்கும் படகில் எவ்வளவு சோதித்தாலும் தெரியாது.

தொட்டியைக் கிருமி நீக்கும் கணக்கு எளிது. வாசனை சேர்க்காத, 5 சதவீத சாதாரண ப்ளீச், 100 லிட்டருக்கு 100 மில்லி. அது லிட்டருக்கு 50 மில்லிகிராம் குளோரின். ஒவ்வொரு குழாயிலும் குளோரின் வாடை வரும்வரை திறந்துவிட்டு, மூடி, நான்கு மணி நேரமாவது விட்டு, பிறகு வாடை போகும்வரை அலச வேண்டும். நிரப்பும் ஹோஸும் காற்றுக்குழாயும் நனையும்படி தொட்டியை வழிய நிரப்ப வேண்டும். உலோகத் தொட்டியானால் நேரத்தை நீட்டாமல் உடனே அலசுங்கள். ப்ளீச் இருக்கும்போது வினிகர் ஊற்றவே கூடாது, விஷவாயு வரும். சந்தேகமான ஊரில் பிடித்த தண்ணீருக்கு 100 லிட்டருக்கு 10 மில்லி போதும். அது லிட்டருக்கு 5 மில்லிகிராம், உலக சுகாதார நிறுவனம் குடிநீருக்கு வகுத்திருக்கும் உச்ச அளவு. கலங்கிய நீரில் குளோரின் வேலை செய்யாது. முதலில் துணியிலோ வண்டல் வடிகட்டியிலோ தெளிய வைத்த பிறகுதான்.

கார்பன் வடிகட்டியைத் தொட்டிக்கு முன்னால் வைக்காதீர்கள். அது குளோரினை உறிஞ்சிவிடும். 30 பாகை வெப்பத்தில் பாதுகாப்பில்லாத நீர் வாரக்கணக்கில் தொட்டியில் கிடக்கும். தொட்டிக்கு முன்னால் வண்டல் வடிகட்டி மட்டும், கார்பன் கடைசியில், குடிக்கும் குழாய்க்குச் சற்று முன்னால். ஆறு மாதத்துக்கு ஒருமுறை மாற்றுகிறோம், சுவை நன்றாக இருந்தாலும்.

தொட்டியில் எத்தனை இருந்தாலும், தளத்தில் 10 லிட்டர் கேன்கள் நான்கு கட்டியிருக்கிறோம். கழுத்துவரை நிரப்பாமல் சற்றுக் காற்று விட்டு மூடினால், படகைக் கைவிட்டு உயிர்காக்கும் தெப்பத்துக்கு மாற வேண்டி வந்தாலும் கேன் மிதக்கும். நல்ல தண்ணீர் கடல்நீரைவிட இலேசு. மழை வந்தால் முதல் பத்து நிமிடம் தளத்தின் உப்பைக் கழுவ விட்டுவிட்டு, பிறகு நிரப்பும் மூடியைச் சுற்றி ஈரத்துணியால் அணை கட்டித் திறப்போம். அப்போது பிடிப்பது ஒரே ஒரு தொட்டிக்குள்தான். மற்றதில் துறையிலிருந்து நிரப்பிய நீர் தொடப்படாமல் இருக்கும்.

உதிரிப் பெட்டியில் இருப்பவை: பம்பின் டயஃப்ரம் தொகுதி, அழுத்தச் சுவிட்ச் ஒன்று, மிதிபம்பின் ரப்பர் பாகங்கள், 15 மில்லிமீட்டர் நேரிணைப்புகளும் அடைப்பான்களும், இரண்டு மீட்டர் ஹோஸ், துருப்பிடிக்காத கிளாம்புகள், அந்த மரைமாற்றியில் இன்னொன்று. அடைப்பான்கள்தான் அவசரத்தில் முதலில் கைக்கு வருபவை. ஒரு கிளை விட்டால் அதை அடைத்துவிட்டு மற்றக் குழாய்களை ஓட்டலாம். குழாய்ப்பாதை வரைபடத்தை வால்வு எண்களோடு லேமினேட் செய்து பலமுனைக் குழாய்க்கு மேலுள்ள மூடியின் உட்புறத்தில் ஒட்டியிருக்கிறோம், நாங்கள் இருவரும் காய்ச்சலில் படுத்தாலும் கூட வருகிறவர் டார்ச் வெளிச்சத்தில் பார்த்துச் சரியான வால்வைத் திருகும்படி.